மூன்று பந்தியும் ஒரு சாட்சியும்

வண்டி இப்ப எடுக்கமாட்டான் தம்பி. கிராசிங்கு. எதிர்வண்டி வந்து போற வரைக்கும் இங்கனதான் கெடப்பான். நல்லா காலை நீட்டி உக்காருங்க.

நீங்க இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்க பாத்தீங்களா. மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க முடியாதேன்னு வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. பெறகு நீங்களே, 'சரி, எல்லாம் நல்லதுக்குத்தான், ஆண்டவன் ஏதோ திட்டம் வச்சிருப்பான்'னு சொன்னீங்க. தப்பில்ல. நல்ல வார்த்தைதான். நான் அந்த வார்த்தையை எட்டு மாசம் ஊர் ஊராப் போய் மைக்குல சொன்ன ஆளு. ஏழு சால்வை போட்டிருக்காக. அதுல ரெண்டு நல்ல சால்வை. அதனால அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு இப்பல்லாம் காது கூசும். வேற ஒண்ணுமில்ல.

கேக்கீங்களா? நேரம் இருக்குல்லா.

என் பேரு ஞானாபரணம். கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஊரு நாசரேத்துக்குப் பக்கத்துல. பரம்பரையாக் கிறிஸ்தவங்க. எங்க கோயில் பாடகர் குழுவுல முப்பத்தோரு வருஷமா பாஸ் பாடுதேன். பாஸ்னா அடித்தொண்டைக் குரல். நான் பாடினா பெஞ்சு அதிரும்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பிச்சு வச்சது யாருன்னு கேக்காதீங்க, நான்தான்.

எங்க பக்கம் கோயில் பண்டிகைக்கு அசனம்னு ஒண்ணு வைப்பாக. ஊருக்கே ஆட்டுக்கறிச் சோறு. இருக்கவன் இல்லாதவன் எல்லாரும் ஒரே பாயில உக்காந்து சாப்பிடணும், அதுதான் அதுல உள்ள விசேஷம். முந்தின வருஷம் செப்டம்பர்ல நடந்த அசனத்துல நான் மூணு பந்தியில உக்காந்தேன். முதல் பந்தி குடும்பத்தோட, அது முறை. ரெண்டாவது பந்தியில ஐயர் வந்து உக்காந்தாரு. ஐயர்னா எங்க சபைக் குருவானவர், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அவரு தனியா சாப்பிடுதாரேன்னு துணைக்கு உக்காந்தேன். இருநூறு பேரு இருந்த பந்தியில அவரு எப்படித் தனியா இருந்தாருன்னு என் வீட்டுக்காரி கேட்டா. அவ பேரு கனியம்மாள், நான் கனின்னு கூப்பிடுவேன். மூணாவது பந்திக்குக் காரணமே கிடையாது. சட்டியில அடிக்கறி இருந்துச்சு, அவ்வளவுதான்.

கனி வந்து, "ஏங்க, விடியக்காலம் மதுரைக்குப் போகணும், ஞாபகம் இருக்கா"ன்னா.

"கோயில் சோறு ஒண்ணும் செய்யாதுட்டி"ன்னேன்.

மறுநாள் மதுரையில ஒரு பாட்டுவிழா. நாலஞ்சு சபையில இருந்து பாடகர் குழு வாராக. எங்களுக்கு ஒரு வேன் பிடிச்சிருந்தோம். வேன்ல இடம் பன்னெண்டு, ஆளு பதினாலு. சீனியாரிட்டி பாத்து ரெண்டு பேரை நிறுத்தினோம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு சீனியர் ஒருத்தருக்குன்னு முடிவு பண்ணினோம். சீனியாரிட்டி பாத்தது யாரு, நான்தான். முன்சீட்டு யாருக்கு விழுந்துச்சு, எனக்குத்தான்.

நிறுத்தின ரெண்டு பேர்ல ஒருத்தன் தங்கையா. அடுத்த தெரு. பஜார்ல தையல்கடை வச்சிருந்தான். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். நல்ல குரல், என்னைவிட நல்ல குரல், இப்ப சொல்லுததுல எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகல. வேன்ல இடமில்லன்னு சொன்னப்போ ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. "சரி அண்ணாச்சி, நீங்க போய்ப் பாடி ஜெயிச்சுட்டு வாங்க"ன்னுட்டு எல்லாரு சட்டையையும் வாங்கிட்டுப் போய் இஸ்திரி போட்டுக் குடுத்தான். அவன் அப்படி.

காலையில நாலரை மணிக்கு எனக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சிட்டு. கக்கூசு எங்க வீட்ல பின்வாசல்ல இருக்கு. உள்ள போனவன் வெளிய வரல. வந்தா திரும்பப் போறேன். அஞ்சரைக்கு வேன் வாசல்ல வந்து ஆரன் அடிக்கான். கனி வந்து கதவைத் தட்டுதா.

"ஏங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக."

"போகச் சொல்லு"ன்னேன்.

"அப்ப உங்க சீட்டு?"

தம்பி, இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. உள்ள உக்காந்துக்கிட்டே நான்தான் சொன்னேன். "சீட்டை ஏன் வீணாக்கணும், தங்கையாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. ஆசையா இருந்தான்"னேன். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். கனி போய் வேன்காரங்ககிட்ட சொன்னா. ஒருத்தன் ஓடிப் போய் அவனை எழுப்பிக் கூட்டிட்டு வந்தான். தங்கையா என் பாட்டு நோட்டை வாங்கிக்கிட்டு, என் சீட்ல ஏறிப் போனான்.

ஒம்பது மணிக்குப் போன் வந்துச்சு. கயத்தாறு தாண்டி ரோட்டோரமா நின்ன லாரியில வேன் முட்டிருச்சு. இடதுபக்க மூலைதான் முட்டினது. மத்தவங்களுக்குக் கை, கால், பல்லு. டிரைவருக்கு விலா எலும்பு. முன்சீட்ல இருந்தவன் மட்டும் அந்த எடத்துலயே.

போனைக் கேட்டுட்டு கனி என்னைப் பாத்தா. எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா. நல்லவேளைன்னு தோணிச்சு. தங்கையா ஞாபகம் அதுக்குப் பெறகுதான் வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு செகண்டு இருக்கும். அந்த ரெண்டு செகண்டை நான் இது வரைக்கும் எந்த மைக்குலயும் சொன்னதில்ல.

அடக்கம் முடிஞ்சுது. மூணாம் வாரம் ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர், "ஞானாபரணம் அண்ணாச்சி சாட்சி சொல்லுவாங்க"ன்னுட்டாரு. சாட்சின்னா, ஆண்டவர் நமக்குச் செஞ்ச நன்மையை சபைக்கு முன்னால நின்னு சொல்லுறது. நான் எழும்பிப் போனேன். போற வழியிலதான் யோசிக்கேன், கோயில்ல பீடத்துக்கு முன்னால நின்னு வயித்தாலப் போச்சுன்னு எப்படிச் சொல்ல? அதும் கோயில் சோறு சாப்பிட்டுன்னு எப்படிச் சொல்ல? சமைச்ச கமிட்டிக்காரங்க முன்வரிசையில இருக்காக. அதனால, 'காலையில சரீரத்துல ஒரு பெலவீனம் வந்தது'ன்னு சொன்னேன். அதுல பொய் இல்ல பாருங்க. பெலவீனம்தான்.

அப்புறம் பக்கத்து ஊரு சபையில கூப்பிட்டாக. அங்க 'சரீரத்துல பெலவீனம்'னு சொன்னதும் சனங்க முகத்துல ஒண்ணும் காணோம். எனக்குப் பாடகன் புத்தி, கேக்குறவங்க முகத்தைப் பாத்துத்தான் அடுத்த அடி எடுப்பேன். 'அப்ப என் உள்ளத்துல ஒரு தடை உண்டாச்சு'ன்னேன். நாலு பேரு ஸ்தோத்திரம்னு சொன்னாக. மூணாவது ஊர்ல, 'போகாதேன்னு ஒரு மெல்லிய சத்தம் கேட்டுச்சு'ன்னேன். ஊரே அல்லேலூயாங்குது. கிறிஸ்மஸ் வர்றதுக்குள்ள அந்தச் சத்தம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டு. 'ஞானாபரணம், ஞானாபரணம்'னு ரெண்டு தடவை. ஏன் ரெண்டு தடவைன்னா ஒரு தடவை கூப்பிட்டா எடுப்பா இல்ல.

கூட்டம் முடிஞ்சு பஸ்ல வரும்போது கனி சொன்னா, "அன்னைக்குக் காலையில சத்தம் எனக்கும்தான் கேட்டுச்சு. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. பேரு ஒண்ணும் சொன்ன மாதிரித் தெரியலயே."

அவ அப்படித்தான் பேசுவா. எனக்குக் கோவம் வந்து மூணு நாள் பேசல. விசுவாசக் கொறைவுன்னு நெனைச்சேன். அவளுக்குத்தான்.

பொய் சொல்லுதோம்னே எனக்குத் தோணல தம்பி, அதுதான் வேடிக்கை. சொல்லச் சொல்ல எனக்கே கேட்ட மாதிரி இருந்துச்சு. வியாதிக்காரங்களைப் பாக்கப் போவேன். ஒரு பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு, அது அம்மைகிட்ட உக்காந்து, 'எல்லாத்துலயும் ஒரு தேவதிட்டம் இருக்கு தாயி, என்னையே பாரு'ன்னு என் கதையை முழுசாச் சொல்லிட்டு அவ போட்ட காப்பியையும் குடிச்சிட்டு வந்தேன். அந்தம்மா தலையை ஆட்டினா. ஆட்டாம வேற என்ன செய்வா.

இதெல்லாம் நடக்கையில தங்கையா பொண்டாட்டி பாக்கியஜோதி எங்கன்னு கேப்பீங்க. மூணாவது பெஞ்சுல. ஒவ்வொரு ஞாயிறும். முதல் சாட்சியை நான் சொன்னப்பவும் அங்கதான் இருந்தா. சத்தம் கேட்ட சாட்சியை எங்க கோயில்லயே புத்தாண்டுக்குச் சொன்னேன், அப்பவும் அங்கதான் இருந்தா. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் என்ன நெனைச்சேன்னா, என் சாட்சி அவளுக்கு ஆறுதலா இருக்குன்னு நெனைச்சேன். கட்டையில போற வரைக்கும் இந்த நெனைப்புக்கு நான் வெக்கப்படணும்.

புருஷன் போனபெறகு கடையை அவளே திறந்து உக்காந்துட்டா. பிளவுஸ் மட்டும்தான் முன்னால தைப்பா, இப்ப சட்டை, பேண்ட்டு எல்லாம்.

மே மாசம் கடைசியில எங்க வட்டாரத்துக்கே பெரிய கூட்டம், மூணு நாள் கன்வென்ஷன். ரெண்டாம் நாள் சாயங்காலம் சாட்சி சொல்ல என் பேரை நோட்டீஸ்ல போட்டுட்டாக. போட்டோவோட. புதுச் சட்டை ஒண்ணு தைக்கணும்னு கனிகிட்ட சொன்னேன். "பாக்கியத்துகிட்டக் குடுங்க"ன்னா. சரி, அவளுக்கும் ஒரு ஆதரவா இருக்கும்னு துணியை எடுத்துக்கிட்டுப் போனேன்.

மத்தியானம். கடையில வேற யாரும் இல்ல. பள்ளிக்கூடம் திறக்கப் போறதால யூனிபார்ம் துணி மலையாக் குவிஞ்சு கெடக்கு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க அண்ணாச்சி"ன்னா. டேப்பை எடுத்து அளவு எடுக்க ஆரம்பிச்சா. தோள் எடுத்தா, கை எடுத்தா, நோட்டுல எழுதிக்கிட்டா. கழுத்து அளவு எடுக்கும்போது டேப்பைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டே கேட்டா.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளு தாயி."

"போகாதேன்னு சத்தம் கேட்டது, அவுகளைக் கூட்டிட்டுப் போகச் சொன்னீயள்ள, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான்தான் அவனைக் கூப்பிடச் சொன்னேன்னு இவளுக்குத் தெரியாதுன்னு நெனைச்சிருந்தேன். வேன்ல இருந்த மத்த பதினோரு பேருக்கும் தெரியும், இவளுக்கு மட்டும் தெரியாமயா இருக்கும். எட்டு மாசமா அதைக்கூட யோசிக்காத மண்டை என் மண்டை.

கேள்வி புரியுதுல்லா தம்பி? முன்னாடி கேட்டுச்சுன்னா, இந்த வேன் ஆகாதுன்னு தெரிஞ்ச பெறகு அடுத்தவனை அதுல ஏத்தி விட்டிருக்கேன். பின்னாடி கேட்டுச்சுன்னா, வேன் கெளம்பிப் போனபெறகு போகாதேன்னு ஒரு சத்தம் எதுக்கு? நான் பொய்யனா இருக்கணும், இல்லன்னா கொலைகாரனா இருக்கணும். நடுவுல நிக்க எடம் கிடையாது. நாலு ஊரு ஐயரு, ரெண்டு பேராசிரியரு, ஆயிரம் சனம் கேட்ட சாட்சி அது. ஒருத்தருக்கும் தோணாத கேள்வி.

"சரியா ஞாபகம் இல்லம்மா"ன்னேன்.

"அது பரவால்ல"ன்னா. டேப்பை எடுத்துட்டா. "எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எனக்கு வேற ஒரு காரியம் தெரியணும். அன்னைக்குக் காலையில அவுகளை எழுப்பினப்போ, சட்டையைப் போட்டுப் பாத்துட்டு, 'பொத்தான் ஒண்ணு இல்ல பாக்கியம், நான் போகல, விடு'ன்னு திரும்பப் படுத்தாக. ஊருக்கெல்லாம் தைப்பாக, அவுக சட்டையில என்னைக்கும் பொத்தான் இருக்காது. நான்தான், 'ஒரு நிமிஷம் இருங்க'ன்னு ஊசியை எடுத்து, உடம்புல போட்டிருக்கும்போதே வச்சுத் தைச்சு அனுப்பி விட்டேன். உங்களுக்குச் சத்தம் கேட்ட மாதிரி, அவுகளுக்கு அந்தப் பொத்தான்தான் ஆண்டவர் காட்டின தடையா? அதைத் தைச்சு மூடினது நானா?"

அழல தம்பி. சாதாரணமாத்தான் கேட்டா. இந்தத் துணி சாயம் போகுமான்னு கேக்குற மாதிரி. எட்டு மாசமா மூணாவது பெஞ்சுல உக்காந்து என்னைப் பாத்தது இதுக்குத்தான். என்கிட்ட ஆறுதல் கெடைக்குதுன்னு இல்ல. நான் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் அவ நம்பி இருக்கா. சபையில எனக்கு ஸ்தோத்திரம் சொன்னவன் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுட்டுத் தூங்கினான். நெசமா நம்பினது இவ ஒருத்திதான். நம்பி, தன் கையாலதான் புருஷன் செத்தான்னு முடிவுகட்டி வச்சிருக்கா.

நான் என்ன சொல்லியிருக்கணும்? 'ஏ பாக்கியம், சத்தமும் இல்ல, மண்ணும் இல்ல, மூணு பந்தி சாப்பிட்டேன்'னு சொல்லியிருக்கணும். அரை நிமிஷ வேலை. நான் சொன்னது, "அவர் வழியை நாம ஆராய முடியாதும்மா." சொல்லிட்டு, சட்டை என்னைக்குக் கெடைக்கும்னும் கேட்டுட்டு வந்தேன்.

வீட்ல வந்து கனிகிட்ட சொன்னேன். அவ கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. கையை நிறுத்திட்டா.

"இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னா.

"சொல்லுதேன். கன்வென்ஷன்ல சொல்லுதேன். சபைக்கு முன்னால சொன்ன பொய்யை சபைக்கு முன்னாலதான் உடைக்கணும்."

"அவ கேட்டது கடையில வச்சு. உங்களுக்கு எதுக்கு மைக்கு?"

எனக்கு அதுல ஒரு பெருமை வந்துட்டு, பாத்துக்கிடுங்க. பாவத்தை ஒத்துக்கிடுறதுலயும் நான்தான் பெரிய ஆளா இருக்கணும். நாலு நாள் பேச்சு தயார் பண்ணினேன். கண்ணாடிக்கு முன்னால நின்னு, எந்த எடத்துல குரல் உடையணும்னு குறிச்சு வச்சேன். சட்டை வந்துச்சு. அளவு அவ்வளவு கச்சிதம்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் ரெண்டாயிரம் பேரு இருக்கும். பந்தல்ல பொம்பளையாள் பக்கம் கடைசி வரைக்கும் தலை தலையாத் தெரியுது. நான் ஏறி நின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். சத்தம் கேக்கல, அசனத்துல மூணு பந்தி சாப்பிட்டேன், கக்கூசுல இருந்தேன், உள்ள இருந்தே தங்கையாவைக் கூப்பிடச் சொன்னேன், பெறகு ஊரை ஏமாத்தினேன், என்னை மன்னிக்கணும். குறிச்சு வச்ச எடத்துல குரல் உடையல, வேற எடத்துல உடைஞ்சுது. கூட்டத்துல முதல்ல சிரிச்சாக.

சரி, இப்பக் கல்லெறிவாகன்னு நிக்கேன். மெட்ராஸ்ல இருந்து வந்த பிரசங்கியார் எந்திரிச்சு வந்து மைக்கை வாங்கினாரு. என் தோள்ல கையைப் போட்டாரு. "பிரியமானவர்களே, பாத்தீர்களா, தேவன் ஒரு மனிதனைக் காப்பாற்றத் திட்டம் போட்டால் அவன் வயிற்றைக்கூட உபயோகப்படுத்துகிறார்"னாரு. பந்தல் அதிருது. அல்லேலூயாங்கான். எட்டாவது சால்வையைக் கொண்டுவந்து போட்டுட்டாக.

நான் என்ன செய்வேன் தம்பி. பொய் சொன்னேன், திட்டம்னாக. உண்மையைச் சொன்னேன், அதுவும் திட்டம்னாக. எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகுற முடிச்சா இருக்கு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. என்னைக் காப்பாத்த வயித்தைக் கலக்கினவரு, தங்கையாவுக்கு ஒரு வயித்துவலியாவது குடுத்திருக்கக் கூடாதா? அவனும் அதே அசனத்துல சாப்பிட்டவன்தான். ஒரு பந்தியோட எந்திரிச்சவன். பெருந்தீனிக்காரனுக்கு உயிரு, ஒரு பந்திக்காரனுக்குச் சாவு. இதை ஒருத்தன் உக்காந்து திட்டம் போட்டான்னா, அவனைக் கும்பிட எனக்கு மனசு வருமா? நான் அப்ப நெனைச்சது இது. மேடையில நிக்கேன், சால்வையோட.

எறங்கி வந்து பொம்பளையாள் பக்கம் தேடினேன். பாக்கியம் முகம் பாக்கணும், அவ என்ன செய்யுதான்னு. கனி வந்து கையைப் பிடிச்சா.

"யாரைத் தேடுதீங்க?"

"பாக்கியம்."

"அவ எங்க வந்தா? ஒண்ணாந்தேதி பள்ளிக்கூடம் திறக்கு. கடையில உக்காந்து யூனிபார்ம் தைக்கா."

ரெண்டாயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன். சொல்ல வேண்டிய ஆளு வரல.

மறுநாள் காலையில எட்டு மணிக்குக் கடைக்குப் போனேன். மைக்கு இல்ல, தயார் பண்ணின பேச்சு எல்லாம் மறந்து போச்சு. அவ மிஷின்ல இருந்தா. நின்னுக்கிட்டே சொன்னேன்.

"பாக்கியம், எனக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கல. வயித்தாலப் போச்சு. அசனத்துல கூடுதலாச் சாப்பிட்டுட்டேன். அவனைக் கூப்பிடச் சொன்னது நான்தான். மத்தது எல்லாம் நானாக் கட்டினது."

மிஷினை நிறுத்திட்டா.

"சத்தமே இல்லயா?"

"இல்ல."

"அப்ப பொத்தானும்..."

"பொத்தான் வெறும் பொத்தான்தான் தாயி. நீ புருஷனுக்குப் பொத்தான் தைச்ச. அவ்வளவுதான் நடந்தது."

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தோள் குலுங்குது. அழுதான்னு நெனைச்சேன். அழத்தான் செஞ்சா. ஆனா முகத்தைத் தூக்கினப்போ கூடவே சிரிப்பும் இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணாக் கெடந்துச்சு.

"எத்தனை பந்தி அண்ணாச்சி?"

"மூணு."

"மூணா? அவுக கேட்டிருந்தா ஒரு வாரம் சிரிச்சிருப்பாக."

சேலைத் தலைப்பால முகத்தைத் தொடைச்சா. எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டா. என்னைத் திட்டுவான்னு எதிர்பாத்தேன், திட்டினா எனக்கு லேசா இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் போல, திட்டல. ஒண்ணு மட்டும் சொன்னா. "எட்டு மாசம் ஊசியைத் தொடும்போதெல்லாம் எனக்குக் கை கூசிச்சு அண்ணாச்சி. என் பொழைப்பே ஊசிதான்." தரையில கெடந்த நூலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பெறகு கேட்டா, "அவுக உங்க வீட்டுக்கு வந்து நோட்டு வாங்கிட்டுப் போனாகள்ள. எதாவது சொன்னாகளா? என்கிட்ட 'வாரேன்'னு மட்டும்தான் சொன்னாக. அவசரத்துல நான் சரியாக்கூடக் கேக்கல."

சொன்னான். இதை நான் எந்தச் சாட்சியிலயும் சேர்க்கல. சேர்த்தா கக்கூசு வந்துரும்லா, அதனால. கனி உள்ள நோட்டு எடுக்கப் போயிருந்தா. அவன் பின்வாசலுக்கே வந்து, கதவுக்கு வெளிய நின்னு சொன்னான். "அண்ணாச்சி, உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி குடிங்க. வெறும் வயித்தோட கெடக்காதீங்க. உங்க பாட்டை நான் முடிஞ்ச மட்டும் பாடிட்டு வாரேன்." நான் 'ம்'னேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லல. அவன் போனா போதும்னு இருந்துச்சு எனக்கு, என் நெலைமை அப்படி.

அவகிட்ட சொன்னேன். "திரும்பச் சொல்லுங்க"ன்னா. சொன்னேன். இன்னொரு தடவை கேட்டா. மூணாவது தடவை அவளும் கூடவே வாயை அசைச்சா.

ஆச்சு, வருஷம் ஒண்ணு ஓடிருச்சு. நம்பிக்கை போயிட்டான்னு கேக்கீங்களா? போகல. ஞாயித்துக்கிழமை போறேன், பாடுதேன். ஜெபம் பண்ணும்போது சில நாள் சண்டையே நடக்கும், நான் மட்டும்தான் பேசுவேன். முப்பத்தாறு வருஷம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தேன், கம்பத்துல ஏறிப் பாக்காம எங்க கட்டாயிருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஆண்டவர் காரியத்துல மட்டும் தரையில நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். இப்பச் சொல்லுததில்ல. வியாதிக்காரங்களைப் பாக்கப் போனா இட்லி கொண்டுபோறேன், வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தக் கிட்னி பிள்ளை வீட்டுக்கும் போனேன். அந்தம்மா, "இன்னைக்கு ஒண்ணும் சொல்லலயா"ன்னா. "ஒண்ணும் தெரியல"ன்னேன். அன்னைக்குத்தான் அவ உக்காந்து பேச ஆரம்பிச்சா. ரெண்டு மணி நேரம் பேசினா. நான் எவ்வளவு நல்லாக் கேக்கேன்னு ஊர்லயே இப்ப ஒரு பேச்சு. ஆமா, அந்தப் பேச்சையும் நான்தான் ஆரம்பிச்சிருப்பேன்.

பாக்கியம் எப்பவாவது ஆள் விட்டுக் கூப்பிடுவா. சட்டை தைக்க ஒண்ணும் இல்ல. "அதைச் சொல்லுங்க அண்ணாச்சி"ம்பா. நான் ஸ்டூல்ல உக்காந்து சொல்லுவேன். உப்பு, சீனி, வெறும் வயிறு, பாட்டு. அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும்.

போன மாசம் சொல்லும்போது அவ முகம் வாடியிருந்துச்சு. என் புத்தி சும்மா இருக்குமா. "சிரிச்சுக்கிட்டே சொன்னான் தாயி"ன்னு ஒண்ணு சேர்த்துட்டேன்.

அவ துணியில இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டா, "கதவு மூடித்தானே இருந்துச்சு அண்ணாச்சி. சிரிச்சது எப்படித் தெரியும்?"

"தெரியாது"ன்னேன்.

"அப்ப மொதல்ல இருந்து சொல்லுங்க"ன்னா.

சொன்னேன்.